கார் இல்லாமல் ஒரு நாள்: பழவேற்காடா, பூண்டியா, வேடந்தாங்கலா?

சென்னையில் இருந்துகொண்டு ஏரி, வயல், பனைமரம் என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வர வேண்டுமானால் கார் இருந்தால்தான் முடியும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கார் தேவையே இல்லை. நானும் அம்மாவும் ஆறேழு வருடமாக எலக்ட்ரிக் டிரெயினிலும் டவுன் பஸ்ஸிலும்தான் போய் வருகிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

எலக்ட்ரிக் டிரெயின் சென்னையிலிருந்து மூன்று பக்கம் போகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே அரக்கோணம், தெற்கே செங்கல்பட்டு. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஊராக, நாங்கள் திரும்பத் திரும்பப் போன மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு ஏரி, திருவள்ளூரில் இறங்கிப் பூண்டி அணை, செங்கல்பட்டில் இறங்கி வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். மாமல்லபுரத்தை நான் சேர்க்கவில்லை. தாம்பரத்தில் 515 பஸ் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும், அதை அலச என்ன இருக்கிறது. தவிர, அங்கே ஞாயிற்றுக்கிழமை போனால் நகரத்துக் கூட்டத்தை விட்டு நகரத்துக் கூட்டத்துக்கே போன மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றிலும் ரயில் பயணம் சுலபம், டிக்கெட்டும் டீ, வடைக் காசுக்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனில் இறங்கிய பிறகு வரும் அந்தக் கடைசி பஸ்தான் உங்கள் நாளை முடிவு செய்யும். அங்கே போக எத்தனை மணிக்கு பஸ் என்று எல்லாரும் கேட்கிறார்கள், திரும்பி வர எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. நாங்களும் கேட்காமல் போய்ப் பட்டிருக்கிறோம்.

பஸ் விஷயத்தில் பழவேற்காடு முதல் இடம். பொன்னேரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் ஓரளவு அடிக்கடி கிடைக்கும். இதற்குக் காரணம் சுற்றுலா கிடையாது. பழவேற்காட்டு மீன் தினமும் வெளியே போயாக வேண்டும், சுற்றியுள்ள குப்பங்களில் இருப்பவர்களுக்குத் தாலுகா ஆபீசுக்கும் கடைத்தெருவுக்கும் பொன்னேரிதான் கதி, அதனால் ஊர்க்காரர்களே பஸ்ஸை நிரப்பிவிடுகிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால், எதிரே வரும் பஸ்களில் ஈரம் சொட்டும் மீன் கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு வரும் பெண்களைப் பார்க்கலாம். நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு போகிற நேரத்துக்கு அவர்களுக்குப் பாதி நாள் வேலை முடிந்திருக்கும்.

ஏரி பிரம்மாண்டமானது. உப்பும் நன்னீரும் கலந்த காயல்களில் இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நம் பக்கம் இருப்பது தெற்கு முனை. இங்கே மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. கரையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அவர்களே சொல்வார்கள்.

வரலாற்றுக்காக ஒரு ஊர் வேண்டும் என்றாலும் இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், மெட்ராஸில் ஆங்கிலேயர்கள் கால் வைத்தது 1639-ல். அதாவது நம் ஊர் ஒரு மணல் திட்டாகக் கிடந்தபோது பழவேற்காடு கப்பல்களுக்குத் துணி ஏற்றிக்கொண்டிருந்தது. கோட்டை இப்போது புதர் மண்டிய மேடுதான், அதை நம்பிப் போகாதீர்கள். கல்லறைத் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள், உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் 17-ஆம் நூற்றாண்டு எழுத்து இன்னும் கூர்மையாக நிற்கிறது. அம்மா ஒரு பலகையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் தேதியைப் படித்துவிட்டு, "சின்ன வயசுலயே போயிருக்குதுடி இது" என்றார். அப்புறம் வெகு நேரம் எதுவும் பேசவில்லை.

படகு பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். ஆனாலும் கரையில் நின்றால் யாராவது வந்து கூப்பிடுவார்கள், பூநாரை பார்க்கலாம் என்பார்கள். ஏறாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் ஏறாதீர்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் கரையிலிருந்தே தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரியும், ஒரு பைனாகுலர் இருந்தால் அதுவே போதும்.

சாப்பாட்டிலும் பழவேற்காட்டை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. மீனும் இறாலும் நண்டும் அன்றைக்குப் பிடித்தது. குறை என்று பார்த்தால் வெயில். நிழல் மிகக் குறைவு, மார்ச் தாண்டினால் பதினொரு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது.

பூண்டியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அது அரை நாள் இடம். திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஊத்துக்கோட்டை போகும் பஸ்களில் பூண்டி வழியாகப் போவதைக் கேட்டு ஏறுங்கள். பஸ் நாம் போகும் ஊரோடு நின்றுவிடாமல் அடுத்த ஊருக்கும் போகிறது என்றால் திரும்பி வருவதற்கும் வண்டி இருக்கும், பூண்டிக்கு அந்த வசதி உண்டு. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அணை, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் வைத்திருக்கிறார்கள். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நாம் வீட்டில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே தேங்கி நின்று வருவது, கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் நவம்பர், டிசம்பரில் போனால் கடல் மாதிரி கிடக்கும், மே மாதம் போனால் தரை தெரியும். மழை பெய்யாத வருடம் பூண்டியை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்துக்காக மட்டும் நான் எந்த மாதமும் போவேன். அங்கே தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கல் ஆயுதங்கள் உள்ளே இருக்கின்றன. அந்த ஊர் கைக்கோடரிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வு வெளியானது. ஆங்கிலேய நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் முதல் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில், அதே வருடம்தான் அதிரம்பாக்கத்துக்கும் வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உள்ளங்கை அகலம், ஒரு முனை கூர், இரண்டு பக்கமும் வரிசையாகச் சில்லு எடுத்த பள்ளங்கள். கையில் பிடிக்கிற பக்கத்தை மட்டும் மழமழவென்று விட்டிருக்கிறார்கள். எந்த விரல் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது. அதே பக்கத்தில் இருக்கும் கற்காலக் கூடியம் குகைக்கும் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அதற்குக் காட்டுவழியில் நிறைய நடக்க வேண்டும், வழி தெரிந்தவர் கூட வர வேண்டும், பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது கஷ்டம்.

இப்போது வேடந்தாங்கல். என் மனசு இங்கேதான், ஆனால் பஸ்ஸில் போவதற்கு மூன்றிலும் சிரமமானது இதுதான், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் பஸ் உண்டு, ஆனால் நாளுக்குச் சில நடைதான். பழவேற்காடு மாதிரி மீன் வியாபாரம் கிடையாது, பூண்டி மாதிரி வழியில் இருக்கும் ஊரும் கிடையாது, அதனால் பறவை பார்க்க வருபவர்களை விட்டால் பஸ்ஸுக்கு ஆள் குறைவு. ஜி.எஸ்.டி. ரோட்டில், அதாவது திருச்சி நெடுஞ்சாலையில், போகும் பஸ்ஸில் படாளம் கூட்ரோட்டில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடிப்பவர்களும் உண்டு, நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். தூரம் போகும் பஸ் எல்லாம் அங்கே நிற்காது, ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. பறவைகளைப் பார்க்க நல்ல நேரம் சாயங்காலம். நாலரை மணிக்கு மேல், இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும், வானம் முழுக்கச் சிறகாக இருக்கும். அந்த நேரம்தான் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரமும். முதல் தடவை போனபோது நாங்கள் கரையிலேயே நின்றுவிட்டு ஆறு மணிக்கு மேல் ரோட்டுக்கு வந்தால் ஒரு வண்டியும் இல்லை. டீக்கடைக்காரர் அண்ணன் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி, அம்மாவை முன்னால் உட்கார வைத்து, மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான்: செங்கல்பட்டுக்கு முதல் ஒன்றிரண்டு டிரெயினிலேயே வந்து, காலை பஸ்ஸில் போய், பறவைகள் கிளம்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு, மத்தியானமே திரும்பிவிடுவது. கூட்டில் குஞ்சு இருக்கும் ஜனவரியில் பகலிலும் பெரிய பறவைகள் இரை கொண்டுவருவதும் போவதுமாகத்தான் இருக்கும், அதனால் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டீர்கள்.

ஏரிக்கரை மேல் நடைபாதை, நிழல் உண்டு, சமதளம், முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஒத்துவரும். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் இலையை விடக் கூடுகள் அதிகம். நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா என்று பலவற்றுக்கு அலகையோ கழுத்தையோ பார்த்தே நம் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சுலபம். நத்தை குத்தியின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும், அதைப் பார்க்க வைத்துவிட்டால் அப்புறம் பிள்ளைகள் பைனாகுலரைத் தர மாட்டார்கள்.

இந்த ஏரியைக் காப்பாற்றியது இந்த ஊர்தான். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல் பாதுகாப்புக் கொடுத்து எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனி உரம் குறைவாகத்தான் வேண்டும், அதை அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2022-ல் வேடந்தாங்கலுக்கும் பக்கத்துக் கரிக்கிலிக்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. மதுராந்தகம் வழியாகத் திரும்பினால் ஏரி காத்த ராமர் கோயிலையும் பார்த்துவிடலாம், மழையில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்டதாக ஊரார் சொல்லும் கதையில் வரும் வெள்ளைக்காரரும் இந்தக் கலெக்டர் பிளேஸ்தான்.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள், சீசனில் வாசலில் டீயும் பஜ்ஜியும் கிடைக்கும், அவ்வளவுதான். ஏப்ரலுக்கு மேல் அக்டோபர் வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெண்களாகப் போகிறவர்களுக்கு ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நாம் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஆனால் எல்லா பஸ்ஸும் அந்தக் கணக்கில் வராது, கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். டாய்லெட்டுக்கு ரயில்வே ஸ்டேஷனிலேயே போய்விட்டுக் கிளம்புவது நல்லது, பழவேற்காட்டில் இது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு லைனில் டிரெயின் குறைவு, வேடந்தாங்கலுக்குச் சனிக்கிழமையோ வார நாளோ பாருங்கள்.

முதல் தடவையாக பஸ்ஸில் கிளம்புகிறவர்கள் பழவேற்காட்டிலிருந்து தொடங்குங்கள், தவறு செய்தாலும் அடுத்த பஸ் இருக்கும். பையனுக்கு ஸ்கூலில் பழைய கற்காலம் பாடம் வந்தால், அல்லது மதியம் வரைதான் நேரம் இருக்கிறது என்றால், பூண்டி. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் முடியும் என்கிறவர்களுக்கு, சிரமம் இருந்தாலும், ஜனவரியில் வேடந்தாங்கல் என்றுதான் சொல்வேன். போகும் பஸ்ஸில் இறங்கும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, நீங்க திரும்ப எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டுவிடுங்கள். போன ஜனவரியில் அப்படிக் கேட்டதற்கு ஒருவர் நேரத்தைச் சொல்லிவிட்டு, திரும்பும்போது அம்மா கரைப்படியில் மெதுவாக இறங்கி வருவதைப் பார்த்து, விசில் கொடுக்காமல் காத்திருந்தார்.