இரண்டு ஓஎஸ் உள்ள கணினியில் ஆன்டிவைரஸ் எச்சரிக்கைகள்: சில வருட அனுபவம்

என் மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் வகையான உபுண்டு என்று இரண்டு ஓஎஸ்கள் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) சேர்ந்து குடியிருக்கத் தொடங்கி சில வருடங்கள் ஆகின்றன. அன்றாட வேலையெல்லாம் உபுண்டுவில்தான். விண்டோஸ் இல்லாமல் ஓடமாட்டேன் என்று ஏதாவது ஒரு மென்பொருள் அடம்பிடித்தால் மட்டும் அந்தப் பக்கம் போவேன். இவ்வளவு நாளில் வந்த எச்சரிக்கைகளில் உண்மையான வைரஸைக் காட்டியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை, ஒரு ஓஎஸ் தூங்கும்போது மற்றது என்ன செய்தது என்று தெரியாததால் வந்தவை.

பல வாரம் கழித்து விண்டோஸைத் திறந்தால், முதலில் அதனுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர்தான் வரவேற்கும். வைரஸ் பட்டியல் பழசாகிவிட்டது, ஸ்கேன் செய்து வெகுநாள் ஆகிவிட்டது என்று மஞ்சள் குறி காட்டும். கூடவே விண்டோஸ் அப்டேட்டும் ஓட, ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கும். இதில் பயப்பட எதுவும் இல்லை. அப்டேட் முடியும்வரை பென்டிரைவ் எதையும் சொருகாமல் விட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

பச்சைக் குறி வந்தபிறகும் ஒரு விஷயம் நினைவில் இருக்க வேண்டும். உபுண்டு இருக்கும் பகிர்வை (ஹார்ட் டிஸ்க்கில் தனியே பிரித்த பகுதி), அது ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் இருப்பதால், விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. ஆகவே டிஃபெண்டர் 'எல்லாம் நலம்' என்று சொன்னால், அது தன் கண்ணுக்குத் தெரிந்த பாதிக்கு மட்டும்தான். லினக்ஸோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வை நன்றாகவே படிக்கும், எழுதும். இரண்டுக்கும் பொதுவாக நான் வைத்திருக்கும் டி டிரைவ்தான் இருவரும் சந்திக்கும் இடம்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க ஈகார் சோதனைக் கோப்பைப் பயன்படுத்தினேன். வெறும் 68 பைட் எழுத்து வரி அது. எந்தக் கெடுதலும் செய்யாது. ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. உபுண்டுவில் இருந்துகொண்டு அதை டி டிரைவில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. விண்டோஸுக்கு மாறினேன்; டெஸ்க்டாப் வந்தது, அப்போதும் அமைதி. கோப்பு இருந்த ஃபோல்டருக்குள் போய் அதைத் தொட்டதும்தான் மூலையில் எச்சரிக்கை எழுந்தது. காரணம் எளிது: லினக்ஸில் எழுதப்படும்போது டிஃபெண்டர் ஓடவே இல்லை. யாராவது கோப்பைத் திறக்கும்போதோ, முழு ஸ்கேன் நடக்கும்போதோதான் அதற்குத் தெரியவரும். 'இப்போதுதான் வைரஸ் வந்தது' என்று நாம் நினைப்பது, போன மாதம் லினக்ஸில் டவுன்லோட் செய்ததாக இருக்கலாம். அதனால் எச்சரிக்கை வந்ததும் நான் முதலில் பார்ப்பது வைரஸின் பெயரை அல்ல, கோப்பின் பாதையையும் தேதியையும்தான்.

எதிர்த்திசையில், உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பகிர்வை ஸ்கேன் செய்ய கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸை வைத்திருக்கிறேன். விண்டோஸ் ஓடாத நேரம் என்பதால் அதிலுள்ள வைரஸும் ஓடாது, கோப்பு பூட்டிக்கொள்ளாது. இது பெரிய வசதி. பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தாலும், லினக்ஸில் திறந்தால் அசல் ஃபோல்டர்கள் அப்படியே தெரியும். ஆனால் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் தொடங்கும். ரேம் குறைந்த கணினி திணறும். தவறான எச்சரிக்கைகளும் உண்டு. கிளாம்ஏவி இயல்பாக எதையும் அழிக்காது, சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். அதை அப்படியே விடுங்கள் என்பேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு சிஸ்டம் கோப்பைச் சந்தேகத்தின் பேரில் வெளியிலிருந்து அழித்தால், அப்புறம் விண்டோஸே எழாமல் போகலாம்.

சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்கலாம். இரண்டு மூன்று மட்டும் சிவப்பு காட்டி, பெரிய பெயர்கள் எல்லாம் சும்மா இருந்தால், பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்றாதீர்கள்; ஏற்றிய கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும்.

உபுண்டுவிலிருந்து சுத்தம் செய்யப் போனால் சில நேரம் விண்டோஸ் பகிர்வு 'படிக்க மட்டும்' என்று மறுக்கும். இதற்குக் காரணம் வைரஸ் அல்ல, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த வசதியை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். அணைக்க மனமில்லை என்றால், ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குப் போகலாம்.

சிரிப்பு வரவழைத்த எச்சரிக்கையும் உண்டு. உபுண்டுவில் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து, 'உங்கள் சி டிரைவில் டிரோஜன்' என்று சைரன் அடித்தது. உபுண்டுவில் ஏது சி டிரைவ்? பிரவுசரில் அந்தத் தளத்துக்கான நோட்டிஃபிகேஷன் அனுமதியை நீக்கியதும் ஓய்ந்தது. இதற்குச் சற்றும் குறையாதது, முன்பு விண்டோஸில் போட்டிருந்த ஓர் இலவச ஆன்டிவைரஸ். விற்பனை விளம்பரத்தையே எச்சரிக்கை போலச் சிவப்பில் காட்டும். நீக்கிவிட்டு டிஃபெண்டரோடு நிறுத்திக்கொண்டேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக, கணினி தொடங்கும்போது (பூட்) வரும், வைரஸ் போலத் தோன்றும் எச்சரிக்கைகள். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களை (ஓஎஸ்ஸை ஏற்றித் தொடங்கும் நிரல்கள்) தடுக்கப் போய், இரட்டை ஓஎஸ் வைத்திருந்த பலருடைய லினக்ஸை 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நிறுத்தியது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னொரு தலைவலி: நம்பகமான பூட்லோடரை மட்டும் விடும் செக்யூர் பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதித் தனியே வைத்திருக்கிறேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் எதையாவது மாற்றும் முன் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் போகிறேன்.