கட்டுரை இப்ப யார் கையில? பப்ளிஷ்பிரஸ் பிளானரோடு ஒரு வருஷம்

செட்டிநாட்டுச் சமையல், வீடு, கோயில், விசேஷம் என்று எழுதுகிற ஒரு சின்ன இணையதளத்தைக் காரைக்குடியிலிருந்து நடத்துகிறோம். எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் தேவகோட்டை, ஒருவர் கானாடுகாத்தான், ஒருவர் சிங்கப்பூர், மீதி உள்ளூர். போன வருஷம் வரைக்கும் எங்கள் ஆசிரியர் குழு என்பது ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். கட்டுரை அதில் வந்து விழும், அதன் மேல் நாற்பது குட்மார்னிங் படம் விழும், இரண்டு நாள் கழித்து "தம்பி, என் கந்தரப்பம் எங்க நிக்குது?" என்று ஆச்சி ஒருவர் போன் பண்ணுவார். எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை ஆத்தங்குடிக் கல் பற்றி இரண்டு பேர் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டிலும் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றுகிற அதே படம். யாருடையதைப் போடுவது, யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடுவதால், கட்டுரைகளைத் திட்டமிட அதோடு சேர்த்துக்கொள்ளும் பப்ளிஷ்பிரஸ் பிளானர் என்ற பிளகினை, அதாவது துணை மென்பொருளை, போட்டுப் பார்த்தோம். எடிட் ஃப்ளோ என்ற பழைய பிளகினிலிருந்து கிளைத்து வந்தது இது. காசு கொடுத்து வாங்கும் வகையும் உண்டு, நாங்கள் வைத்திருப்பது இலவச வகை.

முதலில் சொல்ல வேண்டியது காலண்டர். மாதம் முழுக்க ஒரே பக்கத்தில் விரிகிறது, எந்தத் தேதியில் யாருடைய கட்டுரை, எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது, தேதி மாற்ற வேண்டுமானால் இழுத்து அடுத்த கட்டத்தில் விட்டால் போதும். இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம், ஆனால் எங்களுக்கு இதுதான் உயிர், ஏனென்றால் எங்கள் விசேஷம் எதுவும் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகை முடிந்து 21ஆம் நாள். ஒரு வருஷம் டிசம்பரில் வரும், இன்னொரு வருஷம் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் கிளம்பிவிட்டால் எங்களில் மூன்று பேர் கையில் கம்ப்யூட்டரே இருக்காது, ஆகவே அந்த வாரத்துக் கட்டுரைகள் முன்பே தயாராகி வரிசையில் நிற்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் மூன்று மாதத்துக்குத் தேதி போட்டுவிடுகிறேன்.

அப்புறம் நிலைகள். வரைவு, பரிசீலனைக்கு என்று வேர்ட்பிரஸில் இருப்பது எங்களுக்குப் போதவில்லை. பப்ளிஷ்பிரஸ் ஸ்டேட்டஸஸ் என்ற தனிப் பிளகினையும் சேர்த்துக்கொண்டால் நமக்கு வேண்டிய நிலையை நாமே வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் இப்போது இருப்பது 'எழுதப் போறேன்', 'படம் வரணும்', 'அளவு சரிபார்க்கணும்'. மூன்றாவது சமையல் குறிப்புக்கு மட்டும், கவுனி அரிசிக்குத் தண்ணீர் எத்தனை பங்கு என்று தெரிந்த ஒருவர் பார்க்காமல் அது வெளியே போகாது. 'எழுதப் போறேன்' வந்த பிறகு ஒரே விஷயத்தை இரண்டு பேர் எழுதும் கூத்து நின்றுவிட்டது. கட்டுரைக்குள்ளேயே வாசகருக்குத் தெரியாமல் நமக்குள் குறிப்பு எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. போனில் சொல்லி மறந்ததெல்லாம் இப்போது அங்கே பதிவாகிக் கிடக்கிறது.

யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது வேர்ட்பிரஸே கொடுப்பது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஏஜெண்டு, அவருக்கு அடுத்தாள், கீழே பெட்டியடிப் பையன். இங்கே காண்ட்ரிபியூட்டர்தான் பெட்டியடி. எழுதலாம், பரிசீலனைக்கு அனுப்பலாம், தானே வெளியிட முடியாது, வெளியான பிறகு தன் கட்டுரையில் ஒரு காற்புள்ளிகூட மாற்ற முடியாது. ஆதர் தன்னுடையதைத் தானே வெளியிடலாம். எடிட்டர் எல்லாருடையதையும் திருத்தலாம், வெளியிடலாம். எல்லாரும் நம்ம ஆள்தானே என்று முதலில் அத்தனை பேருக்கும் எடிட்டர் கொடுத்தேன். சுத்த முட்டாள்தனம். பாதி எழுதிய கும்மாயம் ஒரு ராத்திரி வெளியே போய்விட்டது, உளுந்தை வறுத்ததோடு கதை முடிந்திருந்தது. இப்போது ஐந்து பேர் காண்ட்ரிபியூட்டர். அதில் ஒரு சிக்கல், காண்ட்ரிபியூட்டரால் படம் ஏற்ற முடியாது, ஆகவே படத்துக்கு மட்டும் வாட்ஸ்அப் குரூப் இன்னும் உயிரோடு இருக்கிறது, குட்மார்னிங் சகிதம்.

ஒரு கட்டுரைக்கு ஒரு பெயர்தான் என்பது வேர்ட்பிரஸின் வழக்கம். சொன்னது ஆச்சி, எழுதியது பேத்தி என்றால் இரண்டு பெயரும் போட பப்ளிஷ்பிரஸ் ஆதர்ஸ் என்ற இன்னொரு பிளகின் வேண்டும். போட்டுவிட்டோம், பிரச்சினை இல்லை.

நேரம் குறித்து வெளியிடுவதில்தான் அடிபட்டோம். பிள்ளையார் நோன்பன்று இழைமா பிடிக்கும் முறையைக் காலை 6 மணிக்குக் குறித்து வைத்தேன். வந்தது 11.30க்கு. தளத்தின் நேர மண்டலத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே விட்டிருக்கிறேன், இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அதைச் சரிசெய்த பிறகும் விடியற்காலை 4.30க்குக் குறித்தவை தாமதமாகவே வந்தன. காரணம் வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் தானாக ஓடுவதில்லை, யாராவது தளத்தைத் திறந்தால்தான் அது விழித்துக்கொண்டு 'ஏதாவது பாக்கி இருக்கிறதா' என்று பார்க்கும். நாலரை மணிக்கு எங்கள் தளத்துக்கு யார் வருவார்கள்? அந்த உள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, சர்வரின் கிரான் வேலையாக, அதாவது குறித்த இடைவெளியில் சர்வரே தானாகச் செய்யும் வேலையாக, 5 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடும்படி வைத்தோம், அதோடு தொல்லை விட்டது. பிளானரின் காலண்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறித்த நேரத்தில் வெளியிடுவது வேர்ட்பிரஸின் வேலை, இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

அறிவிப்பு மெயில் எங்களுக்குப் பெரிய பயன் இல்லை. நிலை மாறும்போது அனுப்பும்படி வைக்கலாம், ஆனால் எங்கள் குழுவில் மெயில் பார்ப்பவர்கள் இரண்டே பேர், அதிலும் சர்வர் நேராக அனுப்பும் மெயில் ஸ்பேமில் போய் உட்காரும், அதற்கு எஸ்எம்டிபி ஏற்பாடு, அதாவது முறையான மெயில் சேவை வழியாக அனுப்பும் ஏற்பாடு, தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு நான்தான் போன் பண்ணுகிறேன்.

தனியாகவோ இரண்டு பேராகவோ எழுதுகிறவர்களுக்கு இது வேண்டாம், சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரே போதும். ஐந்து பேருக்கு மேல் என்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் எட்டு பத்து நிலைகளை முதல் நாளே உண்டாக்கி வைக்காதீர்கள். நாங்கள் ஏழில் ஆரம்பித்தோம். 'இரண்டாம் பார்வை' என்று ஒன்று வைத்திருந்தேன், ஒரு வருஷத்தில் ஒரு கட்டுரைகூட அதற்குள் போகவில்லை.