மலிவு விலையில் ஆட்டோமேட்டிக் பைலட் வாட்ச்: சீக்கோவா, லாக்கோவா, சீனத் தயாரிப்பா?

கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், தடித்த தோல் ஸ்ட்ராப். இவ்வளவு இருந்தால் போதும், ஆன்லைன் கடைகளில் அதற்கு ‘பைலட் வாட்ச்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கையசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகைக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயாராக இருக்கும் ஒருவர் உள்ளே நுழைந்தால் குழம்பித்தான் வெளியே வருவார். எங்கே பார்த்தாலும் எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடியா, மெஷினில் உராய்வைக் குறைக்கும் கல் எத்தனை, எத்தனை மணி நேரம் ஓடும் என்ற பட்டியல்தான். அந்தப் பட்டியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இந்த வகை வாட்ச் பிறந்ததே ஒரே பார்வையில் நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அதனால் முதலில் டயல், அடுத்தது கைக்கு ஏற்ற அளவு, அதற்கப்புறம்தான் உள்ளே ஓடும் மெஷின்.

இன்று இந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படைக்காகச் செய்யப்பட்ட வாட்ச்சின் வாரிசுகள். ஹிட்லர் ஆட்சியின் விமானப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்த விதிகளின்படி ஐந்து நிறுவனங்கள் அதைச் செய்தன: லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஏ. லாங்கே, ஸ்விட்சர்லாந்தின் ஐடபிள்யூசி. குறுக்களவு 55 மில்லிமீட்டர். விமானத்தின் பாதையைக் கணக்கிடும் நேவிகேட்டர் அதைக் கனத்த ஜாக்கெட்டின் கைக்கு மேலேயே கட்டிக்கொள்வார். நேரத்தைச் சரிசெய்யப் பக்கவாட்டில் இருக்கும் திருகு, கையுறை போட்டபடியே திருக வசதியாகப் பெரிதாக இருக்கும். திருகை இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். வானொலியில் வரும் நேரத்தோடு நொடி பிசகாமல் சேர்த்து வைக்க அது தேவைப்பட்டது. 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம், அதன் இருபக்கமும் ஒவ்வொரு புள்ளி. வாட்ச் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் மேல்பக்கம் எது என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

டயலில் இரண்டு வகை உண்டு. 1940-ல் வந்த ஏ வகையில் 1 முதல் 11 வரை மணி எண்கள் வழக்கம்போல வட்டமாக இருக்கும். 1941 ஜனவரியில் வந்த பி வகையில் வெளி வட்டத்தில் 5, 10, 15 என்று நிமிட எண்கள் பெரிதாக இருக்கும். மணி எண்கள் உள்ளே ஒரு சின்ன வட்டத்துக்குள் போய்விடும். நேவிகேட்டருக்கு நிமிடமும் நொடியும்தான் முக்கியம் என்பதால் இந்த மாற்றம்.

படத்தில் பார்த்தால் பி வகைதான் கண்ணைப் பறிக்கும். கையில் கட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். மணி 2:50 என்று வையுங்கள். குட்டை முள் உள்வட்டத்தில் 3-ஐ நெருங்கியிருக்கும், நீள முள் விளிம்பில் 50 என்ற எண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். நிமிடத்தை மனதில் பெருக்க வேண்டியதில்லை, எழுதியே இருக்கிறது. ஆனால் நமக்குப் பழக்கமான ‘2’ இருக்கும் இடத்தில் ‘10’ என்று பெரிதாக நிற்பதால், பழகும் வரை கண் ஒரு கணம் தடுமாறும். வீட்டில் பெரியவர்கள் உங்கள் கையைப் பிடித்து மணி பார்க்கிறவர்கள் என்றால் ஏ வகையே நல்லது. ரயில், மீட்டிங், மருந்து நேரம் என்று நிமிடத்தைப் பார்த்தே நாள் ஓடுபவருக்கு பி வகை உண்மையிலேயே உதவும்.

இந்த பி வகை டயலை உலகம் முழுக்க மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜெர்மன் கம்பெனி இல்லை, ஜப்பானின் சீக்கோ. சீக்கோ 5 வரிசையில் வந்த எஸ்என்கே809 என்ற மாடல் பல வருடங்கள் நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. 37 மில்லிமீட்டர், நான்கு மணிப் பக்கம் ஒதுங்கிய சின்னத் திருகு, கிழமையும் தேதியும் காட்டும் ஜன்னல், பின்பக்கம் மெஷினைப் பார்க்கக் கண்ணாடி. மெல்லிய மணிக்கட்டில் இவ்வளவு பாந்தமாக உட்காரும் பைலட் பாணி வாட்ச் அந்த விலையில் வேறு வந்ததில்லை. இதே டயல் மணல், பச்சை, நீல நிறங்களிலும் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் 7எஸ்26 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. ரெண்டு நாள் மேஜையில் கிடந்து நின்றுபோனால், கையில் எடுத்து மெதுவாக ஆட்டித்தான் உயிர் கொடுக்க வேண்டும். திருகை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. பைலட் வாட்ச்சின் பிறவிக் குணம் எதுவோ, அதுவே இதில் இல்லை. தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருக்கும். கை கழுவலாம், மழைத்துளி படலாம், அதோடு சரி. கூட வரும் துணி ஸ்ட்ராப் விறைப்பானது. எண்கள் இருட்டில் ஒளிராது, முட்களும் விளிம்பில் உள்ள சிறு குறிகளும் மட்டும் ஒளிரும். முக்கியமான விஷயம், இதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது பழைய இருப்பு அல்லது கைமாறிய வாட்ச்தான், விலையும் ஏறிவிட்டது. பழைய விலைக்கு அருகில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்து வாங்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அதன் இடத்துக்கு சீக்கோ கொண்டுவந்தது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஃபீல்டு வரிசை. 39.4 மில்லிமீட்டர், 100 மீட்டர் நீர்த்தாங்கு திறன், 4ஆர்36 மெஷின். இதில் சாவியும் கொடுக்கலாம், நொடி முள்ளும் நிற்கும். வாட்ச் என்ற முறையில் எஸ்என்கேயை விட எல்லா விதத்திலும் மேல். ஆனால் இந்த வரிசையில் பல மாடல்களின் டயலைப் பாருங்கள்: 1 முதல் 12, உள்ளே 13 முதல் 24. இது தரைப்படை பாணி. பைலட் டயல்தான் வேண்டும் என்று வந்தவருக்கு இந்த டயல் பதில் ஆகாது.

லாக்கோ கதை வேறு. பழைய ஐந்து பெயர்களில் இன்றும் சாதாரண மாதச் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் விற்பது இந்த நிறுவனம். 1925-ல் ஜெர்மனியின் ஃபோர்ஷைம் நகரத்தில் தொடங்கியது, இன்றும் அதே ஊர். அடிப்படை வரிசையில் ஆக்ஸ்பர்க் என்ற மாடல் ஏ வகை, ஆஹென் என்ற மாடல் பி வகை. இரண்டுமே 42, 39 மில்லிமீட்டர் அளவுகளில் வருகின்றன. விலை 400 யூரோவைத் தாண்டும், சுங்கமும் வரியும் தனி. சீக்கோவின் பழைய விலையைப் பார்த்துப் பழகியவருக்கு இது அதிகமாகத் தோன்றலாம்.

அந்தக் காசு எங்கே போயிருக்கிறது என்று டயலை நெருங்கிப் பார்த்தால் தெரியும். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டின் மேலேயே வந்து நிற்கும். பி வகையில் மணி முள் உள்வட்டத்தோடு நின்றுவிடும், தாண்டாது. தேதி ஜன்னல் எந்த எண்ணையும் அறுக்கவில்லை, ஏனென்றால் ஜன்னலே இல்லை. முட்களும் எண்களும் இருட்டில் நன்றாக ஒளிரும். படிக்கும் வசதியில் நான் பார்த்த மலிவு வாட்ச்களில் இதற்கு இணை இல்லை.

மெஷின் மட்டும் ஜெர்மன் அல்ல. ‘லாக்கோ 21’ என்று பெயர் போட்டிருந்தாலும் அடிப்படை ஜப்பானின் மியோட்டா 821ஏ. 21 கல், 42 மணி நேர ஓட்டம். நீடித்து உழைக்கும், ஆனால் நுணுக்கம் எதிர்பார்க்கக் கூடாது. கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடையான ரோட்டர் ஒரு பக்கம் சுழலும்போது மட்டும் சாவி ஏறும். மறுபக்கம் சும்மா சுழலும். அமைதியான அறையில் கையை உதறினால் சர்ரென்று சத்தம் கேட்கும், மணிக்கட்டில் லேசான அதிர்வும் தெரியும். நொடி முள் சில சமயம் ஒரு கணம் தயங்கிப் பிறகு நகரும். இவை பழுது அல்ல, அந்த மெஷினின் அமைப்பே அப்படி. நொடி முள் நிற்கும் வசதி இந்த மியோட்டா வரிசையின் பழைய தயாரிப்புகளில் இல்லை, பிற்பாடு வந்தவற்றில் சேர்த்தார்கள். அதனால் கைமாறிய லாக்கோ வாங்கினால் திருகை இழுத்துக் காட்டச் சொல்லி ஒரு வீடியோ கேளுங்கள்.

சீனத் தயாரிப்புகளுக்கு வருவோம். நூறு, நூற்றைம்பது டாலரில் சபையர் கண்ணாடி, சீக்கோவின் என்எச்35 மெஷின், பளபளப்பில்லாத ஸ்டீல் உடம்பு எல்லாம் கிடைக்கும். என்எச்35 நல்ல மெஷின். 24 கல், 41 மணி நேரம், ரோட்டர் இரு பக்கமும் சுழன்று சாவி ஏற்றும், கையாலும் கொடுக்கலாம், நொடி முள்ளும் நிற்கும். கெட்டுப்போனால் மெஷினையே மாற்றிவிடலாம், அதிகச் செலவில்லை, நம் ஊரில் கைதேர்ந்த வாட்ச் மெக்கானிக் யாரும் செய்துவிடுவார். மெஷினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் லாக்கோவை விட இதுவே மேல்.

சிக்கல் முட்களில் வருகிறது. செலவைக் குறைக்க, கையில் இருக்கும் முட்களை எடுத்துப் போட்டுவிடும் கடைகள் நிறைய. நிமிட முள் நிமிடக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும், மணி முள் உள்வட்டத்தைத் தாண்டி எண்களுக்கு இடையே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பி வகையில் அதுதான் எல்லாம். சிலவற்றில் முழு வெளிச்சம் காட்டிய பிறகும் ஒளிப்பூச்சு கொஞ்ச நேரத்திலேயே மங்கிவிடும். தேதி இல்லாத டயலுக்கு அடியில் தேதி உள்ள மெஷின் இருந்தால் திருகை இழுக்கும்போது நடுவில் எதற்கும் உதவாத ஒரு ‘கிளிக்’ வரும். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. வாங்கும் முன் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் நேராக எடுத்துப் போட்ட படத்தைப் பெரிதாக்கி முட்களின் நீளத்தைப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தால் இந்த விலைக்கு நல்ல பேரம்.

இரண்டுக்கும் நடுவில் கொரியாவின் டிசெல் என்ற சிறு நிறுவனம் இருக்கிறது. ஏ, பி இரண்டு வகையிலும் 40 மில்லிமீட்டரில் செய்தார்கள். உள்ளே மியோட்டா 9015. லாக்கோவில் இருப்பதை விட ஒரு படி மேலான மெஷின், நொடிக்கு ஆறுக்குப் பதில் எட்டுத் துடிப்பு, அதனால் நொடி முள் வழுக்கிக்கொண்டு போகும். விலை லாக்கோவை விடக் கணிசமாகக் குறைவு. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எச்எம்டி பைலட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் 1961-ல் சிட்டிசன் கூட்டுறவோடு தொடங்கிய தொழிற்சாலையின் பெருமைக்குரிய வாட்ச் அது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது தினமும் சாவி கொடுக்கும் வாட்ச், ஆட்டோமேட்டிக் அல்ல. ‘எச்எம்டி பைலட் ஆட்டோமேட்டிக்’ என்று பழைய வாட்ச் ஒன்று விற்பனைக்கு வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். டயலைப் புதிதாக அச்சடித்துப் போட்டவை சந்தையில் ஏராளம்.

நேரம் காட்டும் துல்லியத்தில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. என்எச்35-க்கும் மியோட்டா 821ஏ-க்கும் தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு ஒன்றுதான்: ஒரு நாளைக்கு 20 நொடி பின்தங்குவது முதல் 40 நொடி முந்துவது வரை. நடைமுறையில் பெரும்பாலும் இதை விட நன்றாகவே ஓடும். இதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அளவில்தான் ஏமாந்துபோகிறோம். பைலட் டயலில் விளிம்பு மெல்லியது, டயலே முகம் முழுக்க நிறைந்திருக்கும். அதனால் 42 மில்லிமீட்டர் பைலட் வாட்ச், அதே அளவு டைவர் வாட்ச்சை விடப் பெரிதாகத் தெரியும். ஸ்கேலை மணிக்கட்டின் மேல் குறுக்கே வைத்துத் தட்டையான பகுதியை அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனி வரை உள்ள நீளம் அதற்குள் அடங்க வேண்டும். 42 லாக்கோவில் அது சுமார் 50 மில்லிமீட்டர். எஸ்என்கேயில் 43-ஐ ஒட்டி வரும். நம்மில் பலருக்கு 50 கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

என்னைக் கேட்டால், காசு சேர்த்து 39 மில்லிமீட்டர் லாக்கோ ஆக்ஸ்பர்க் வாங்குவேன். மெஷினில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பார்ப்பது டயலைத்தானே. பதினைந்தாயிரத்துக்கு மேல் போக முடியாது என்றால் முட்கள் சரியாக உள்ள என்எச்35 சீனத் தயாரிப்பு. மெல்லிய கை, நிதானமான தேடல், கைமாறிய வாட்ச்சில் தயக்கமில்லை என்றால் எஸ்என்கே809.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு நைலான் ஸ்ட்ராப்பும் வாங்கி வையுங்கள். எஸ்என்கேக்கு 18 மில்லிமீட்டர், 42 லாக்கோவுக்கு 20. ரிவெட் அடித்த தடித்த தோல் ஸ்ட்ராப் பார்க்க அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் வியர்வை ஊறினால் நாற்றம் பிடித்துவிடும். அதை மார்கழி, தைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.