வீட்டுக் கோழிகளுக்கு முளைத் தீவனம்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

பன்னிரண்டு முட்டைக்கோழிகளுக்கு மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே தானியத்தை முளைக்கவைத்துக் கொடுத்து வருகிறேன். ஒரு கிலோ தானியம் ஒரே வாரத்தில் ஆறு கிலோ பசுந்தீவனமாகப் பெருகும் என்பதை நம்பி, வாங்கும் கலப்புத் தீவனத்தில் பாதியையாவது குறைத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் தொடங்கினேன். அந்த எண்ணம் பிழையானது. ஆயினும் முளைத் தீவனத்தை நான் கைவிடவில்லை. அதன் இடம் எது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

எடை ஆறு மடங்காவது உண்மைதான். ஆனால் கூடுவது தண்ணீர். ஒரு கிலோ கோதுமையிலிருந்து ஏழாம் நாளில் கிடைத்த ஆறு கிலோ தீவனத்தை ஒருமுறை சருகாகும்வரை உலர்த்தி நிறுத்துப் பார்த்தேன். 740 கிராம் இருந்தது. தானியத்தில் இயல்பாகவே பத்தில் ஒரு பங்கு ஈரம் உண்டு என்பதால், தொடக்கத்தில் ஏறத்தாழ 900 கிராம் உலர்பொருள் இருந்திருக்கும். முளைக்கும் விதை தான் சேமித்து வைத்த மாவுச்சத்தை எரித்தே வளர்கிறது. ஒரு வாரத்துக்குள் அந்த இளம் இலைகள் வெயிலிலிருந்து அதை ஈட்டித் திருப்பிவிட முடியாது. சத்தின் மொத்த அளவில் நமக்கு இழப்பே தவிர இலாபம் இல்லை.

இதை அறியாமல் முதல் ஆண்டில் இரண்டு மாதங்கள் கலப்புத் தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். முட்டைகளின் எண்ணிக்கை சரிந்தது, ஓடு மெலிந்தது, கையில் தூக்கும்போதே கோழிகளின் எடை குறைந்திருப்பது தெரிந்தது. முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். அதில் ஏறத்தாழ 16 விழுக்காடு புரதமும், 3.5 முதல் 4 விழுக்காடு சுண்ணாம்புச்சத்தும் இருக்கவேண்டும். பெரும்பகுதி நீராலான முளைத் தீவனம் தீனிப்பையை நிரப்புமே ஒழிய இவற்றைத் தராது. பழைய அளவுக்குத் திரும்பிய பிறகு முட்டை சீராக மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கோழிகளைப் பட்டினி போட்டிருக்கிறேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நான் கற்றவற்றுள் மிகப் பயனுள்ளது, அறுவடை நாளைப் பற்றியது. ஏழு நாள் வளர்த்து, பாய் போலப் பின்னிய வேரோடு எடுக்கும் முறை மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொருந்தும். அசைபோடும் விலங்குகளால் நார்ச்சத்தைச் செரிக்க முடியும். கோழிக்கு அத்தகைய வயிறு இல்லை. என் கோழிகள் பச்சை நுனியையும் எஞ்சிய மணிகளையும் கொத்திவிட்டு, வேர்ப்பாயை மிதித்துச் சேறாக்கின. ஒரு கோழிக்கு நீண்ட நார் தீனிப்பையில் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் தவித்தது. அதன்பின் நான்காம் நாளிலேயே எடுத்துவிடுகிறேன். வேர் விட்டிருக்கும், முளை ஒரு சென்டிமீட்டர் அளவே நீண்டிருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு மணிகூட மிஞ்சாமல் தீர்க்கின்றன. முளைக்கும்போது விதையிலுள்ள ஃபைடேஸ் நொதி, கோழியால் எளிதில் செரிக்க முடியாதபடி ஃபைடிக் அமிலத்தோடு பிணைந்திருக்கும் பாஸ்பரஸை விடுவிக்கத் தொடங்குகிறது; அந்த நன்மை நான்கு நாளில் கிடைக்கிறது, இழப்பும் குறைவு. மஞ்சள்கருவின் நிறத்துக்கு மட்டும் பச்சை இலை வேண்டும், ஏனெனில் அந்த நிறத்தைத் தருபவை இலையிலுள்ள சாந்தோஃபில் நிறமிகள். அதற்காக வாரத்தில் ஒரு தட்டை ஏழு நாள் விட்டு, விரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கிப் போடுகிறேன். உண்ணும் இடத்தருகே சிறு கற்களும் எப்போதும் கிடக்கவேண்டும். அவை இல்லாமல், தீனியை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையால் நார்ச்சத்தை நன்றாக அரைக்க முடியாது.

செய்முறை எளிது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிதக்கும் பதரையும் உடைந்த மணிகளையும் நீக்கி, அடியில் துளையுள்ள தட்டில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, நாளுக்கு இருமுறை, வெப்பம் மிகுந்தால் மூன்று முறை, நல்ல தண்ணீரில் அலசி முற்றிலும் வடியவிட வேண்டும்.

பூஞ்சணம்தான் உண்மையான எதிரி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் முதல் ஆண்டு தட்டுத் தட்டாகக் கொட்டினேன். தொடக்கத்தில் இரண்டாம், மூன்றாம் நாள்களில் வேர்நுனியைச் சுற்றி வெண்பஞ்சு போலத் தோன்றும் வேர்த்தூவிகளையும் பூஞ்சணம் என்று எண்ணி நல்ல தட்டுகளைக்கூட வீசியிருக்கிறேன். வேர்த்தூவி எல்லா வேரிலும் ஒரே சீராக இருக்கும், அலசினால் படிந்து மறையும். பூஞ்சணம் ஆங்காங்கே சிலந்தி வலை போலப் படரும், சாம்பல் அல்லது பச்சை நிறம் காட்டும், புளித்த அல்லது மக்கிய வாடை வீசும். அந்த வாடை வந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது தவறு. தட்டு முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் கோழியின் நுரையீரலையும் காற்றுப்பைகளையும் தாக்கி உயிரையே பறிக்கும். பரப்பும் கனத்தைக் குறைத்ததும், மின்விசிறிக் காற்றை ஓடவிட்டதும், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்ததும் எனக்குப் பலன் தந்தன.

தானியத்தில் கோதுமை எனக்குச் சரியாக அமைந்தது, பார்லியும் நன்று. மக்காச்சோளம் முளைக்கத் தாமதமாகிறது. சோளத்தை நான் தொடுவதில்லை, அதன் இளம் முளையில் சயனைடு நஞ்சு உருவாகும். மருந்து பூசிய, நிறமேற்றிய விதைப்பு விதையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது.

இப்போது நாளுக்கு 150 கிராம் உலர் தானியமே முளைக்கவைக்கிறேன்; பன்னிரண்டு கோழிகளுக்கும் அது போதும். காலையில் கலப்புத் தீவனத்தை வயிறார உண்ட பிறகு, பிற்பகலில் தரையில் தூவிவிடுகிறேன். கிளறித் தின்னும் அந்த நேரம் அவற்றுக்கு நல்ல வேலையாக இருப்பதால், ஒன்றையொன்று இறகு கொத்துவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இறகு உதிர்க்கும் வாரங்களில் மட்டும் முழுவதும் நிறுத்திவிடுகிறேன், புதிய இறகு வளர அப்போது அவற்றுக்குப் புரதமே கூடுதலாகத் தேவைப்படுகிறது.