மலைச்சரிவு வளாகத்தில் 7 ஆண்டு வைஃபை

மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் வலையமைப்புப் பிரிவில் 7 ஆண்டாக வேலை செய்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் வளாகம் முழுக்க வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்ட். நூலகச் சுவரில் ஒட்டியிருந்தது. கென்டீனில் தேத்தண்ணி ஊற்றுபவருக்கும் தெரியும், படித்து முடித்துப் போய் நாலு வருசமானவர்களுக்கும் தெரியும்.

யாரோ இலவசமாக டேட்டா எடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பூட்டு முறையில் பொதுப் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், பக்கத்து ஆளின் போன் இணையும்போது பரிமாறப்படும் முதல் 4 செய்திகளைப் பிடித்துவிட்டால், அதன்பின் அந்தப் போன் வைஃபையில் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்க முடியும். வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றுக்கு அவற்றின் சொந்தப் பூட்டு உண்டு, சரி. ஆனாலும் எந்தப் பிள்ளை எந்தத் தளத்துக்குப் போகிறாள் என்பது வெளியே தெரிந்துவிடும். விடுதியில் இது சின்ன விசயமில்லை.

அதனால் ஆளுக்கொரு கணக்கு என்ற முறைக்கு, அதாவது 802.1எக்ஸ் முறைக்கு, மாறினோம். கூடவே எடுரோம் வந்தது, அதாவது சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே மற்ற வளாகங்களின் வைஃபையிலும் இணையும் ஏற்பாடு. இலங்கையில் அதை நடத்துவது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு. எங்கள் பிள்ளை யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ எடுரோம் உள்ள வளாகத்துக்குப் போனால், போன் தானாக இணைந்துகொள்ளும். கணக்கைச் சரிபார்க்கும் கேள்வி அங்கிருந்து எங்கள் ரேடியஸ் சேர்வருக்குத் திரும்பி வரும். இதில் இத்தனை ஆண்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அதிகம் பாடுபட்டது சான்றிதழோடுதான், அதாவது சேர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டையோடு. பாஸ்வேர்டை அனுப்புமுன் போன் தன் எதிரே இருப்பது உண்மையான சேர்வரா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், எவராவது ஒரு சின்ன ரவுட்டருக்கு எங்கள் வைஃபையின் பெயரையே வைத்து நடைபாதையில் வைத்தால் போதும், போன் போய் ஒட்டிக்கொள்ளும். அனுமதி பெற்று, அரை மணி நேரம் நாங்களே இதைச் செய்து பார்த்தோம். போன்கள் வரிசையாக வந்து கதவைத் தட்டின. அவை கொடுக்கும் பதில் எம்எஸ்சாப்2 வகை, பாஸ்வேர்டை நேரே சொல்லாமல் அதிலிருந்து கணக்கிட்டு அனுப்புவது. அதை உடைக்கலாம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு பல போன்களில் சான்றிதழைச் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தெரிவே இல்லாமல் போனது. பிள்ளைகள் திண்டாடினாலும் எனக்கு அது நிம்மதி. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி, அப்பாவின் பழைய போனோடு கதவருகே நின்றாள். "சேர், டொமைன்னு ஒரு கட்டம் வருதுங்க. அதுல என்னங்க போடணும்? அக்காமாரு எல்லாம் சரிபார்க்க வேணாம்னு போடச் சொல்றாங்க, என் போன்ல அது இல்லைங்க." அவளை உட்கார வைத்து, சேர்வரின் பெயரை ஓர் எழுத்து விடாமல் அடிக்கச் சொன்னேன். எதற்கு இந்தப் பெயர் என்றும் சொன்னேன். மறுநாள் தன் அறையில் இருந்த மற்ற நாலு பேரின் போனையும் அவளே சரி செய்திருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு விடுதியிலும் இப்படி இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எடுரோம் கேட் கருவி இந்த அமைப்பையெல்லாம் தானே செய்து தரும், ஆனால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதற்கு ஈடில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: ரேடியஸுக்கு, சேர்வர் சான்றிதழுக்குக் கையொப்பமிடும் உங்கள் சொந்த மூலச் சான்றிதழை நீண்ட காலத்துக்கு உருவாக்கி, அதை மட்டும் போன்களில் ஏற்றுங்கள். சேர்வர் சான்றிதழைப் பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியவே வராது. நாங்கள் முதலில் அப்படிச் செய்யவில்லை. மூலம் மாறிய அன்று ஒரே காலையில் வளாகம் முழுதும் துண்டிக்கப்பட்டது. அதைவிட மோசம், அடுத்த சில நாட்களில் திரையில் எது வந்தாலும் 'நம்பு' என்று அமத்தப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

விடுதிச் சுவரில் உள்ள கேபிள் துளையில் ஒரு தம்பி வீட்டு ரவுட்டரைச் செருகினான். அறையில் சிக்னல் கூடட்டும் என்ற எண்ணம்தான். அது மாடி முழுவதற்கும் தன் முகவரிகளை வழங்கத் தொடங்க, எல்லோருக்கும் 192.168இல் தொடங்கும் எண், யாருக்கும் இணையம் இல்லை. சுவிட்சுகளில், அனுமதியில்லாத கருவி முகவரி வழங்குவதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. அவன் அறைக்குப் பக்கத்தில் வைஃபை பரப்பும் ஓர் அக்சஸ் பாயிண்டும் போட்டுக் கொடுத்தோம், அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

மலை தந்த பாடம் தனி. சரிவின் இரு பக்கக் கட்டடங்களுக்கு இடையே 400 மீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு போட்டோம். பூட்டிய நாளில் அருமை. மூன்றாவது ஆண்டு, மழைக்காலத்தில் இழுபறி. ஏறிப் பார்த்தால் நடுவில் சவுக்கு மரங்கள் வளர்ந்திருந்தன. கண்ணுக்கு எதிர்க்கட்டடம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தத் தூரத்துக்கு நடுப்பகுதியில் நேர்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்கு மேல் வெளி வேண்டும், ஈர இலையோ அலையை உறிஞ்சிவிடும்.

மின்னல் அதைவிடக் கொடியது. ஏப்ரல் மாதப் பின்னேரம், இடி தூரத்தில்தான் விழுந்தது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியே போன செப்புக் கேபிளின் இரு முனையிலும் சுவிட்ச் போர்ட்டுகள் செத்தன, பெட்டியைத் திறந்ததும் கருகல் நாற்றம். கட்டடங்களுக்கு இடையே மின்சாரம் கடத்தாத ஃபைபர் மட்டுமே என்று அன்று முடிவெடுத்தோம். 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் யூபிஎஸ் பட்டரிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன, விடுதிகளுக்கு முதலிடம் கொடுத்துச் சமாளித்தோம்.

கீழ்த்தோட்டம் பக்கத்து விரிவுரை மண்டபத்துக்கு மட்டும் இன்னும் செப்புக் கேபிள்தான் போகிறது. வருகிற மார்ச்சுக்குள் அதையும் கழற்றி ஃபைபர் இழுத்துவிட வேண்டும்.