அவுட்போர்டுக்கு ஃபியூல் ஹோஸ் கிட்டும் ரெண்டு கண்ட்ரோல் கேபிளும் மாட்டினேன், எப்படி இருக்குன்னு சொல்றேன்

என்கிட்ட இருக்கறது 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னாடி மாட்டுற எஞ்சின். மெதுவா போறப்போ ஒண்ணும் தெரியாது, ஃபுல் த்ராட்டில் கொடுத்தா கொஞ்ச நேரத்துல திணறி அடங்கும், பிரைமர் பல்பை (ஹோஸ் நடுவுல பெட்ரோலைத் தள்ளி விடுற ரப்பர் உருண்டை) கையால அமுக்கினா திரும்ப உயிர் வரும். கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டி சுத்தம் பண்ணியும் அதே கதைதான். பல்பை அமுக்கினா சரியாகுதுன்னா பெட்ரோல் வந்து சேர்ற வழியிலயோ பம்ப்லயோதான் கோளாறுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அதனால ஹோஸ், பல்பு, தண்ணி பிரிக்கிற 10 மைக்ரான் ஃபில்டர், பம்ப் டயாஃப்ரம் (பம்புக்குள்ள இருக்கற மெல்லிய சவ்வு) எல்லாம் சேர்ந்த கிட்டா வாங்கிட்டேன். பழைய ஹோஸை நீளவாக்குல கிழிச்சுப் பார்த்தா உள்ள லைனிங் தோல் மாதிரி உரிஞ்சு தொங்குது, வெளியில ஒரு கீறல்கூட இல்ல! எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸை இப்படித்தான் தின்னுடும், உரிஞ்ச லைனிங் போய் வழியை அடைச்சுக்கும். புது ஹோஸ் எத்தனாலுக்குத் தாங்குற ரகம், நல்ல கனம், வளைச்சாலும் மடியல. பல்பும் அருமை, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கணும், அமுக்கறப்போ அம்பு மேல பார்க்க நிமித்திப் பிடிச்சா சீக்கிரமே கல்லு மாதிரி ஆயிடுது.

கிட்ல எனக்குப் பிடிக்காதது ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். ஓரம் கூர்மையா ஹோஸைக் கடிக்குது, கொஞ்ச நாள்லயே ஒண்ணு துருப்பிடிச்சிடுச்சு. அந்த இடத்துல பெட்ரோல் கசிஞ்சா ஆபத்து, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், போட்டுக்கு அடியில போய்த் தங்கும், ஒரு பொறி போதும். இந்த விஷயத்துல மிச்சம் பிடிக்கக் கூடாது, எல்லாத்தையும் தூக்கிட்டு ஓரம் மழுங்கின ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டேன்.

லீவர்ல இருந்து எஞ்சினுக்குப் போற கண்ட்ரோல் கேபிள் விஷயத்துக்கு வரேன். கியர் லீவர் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. வாங்கறதுக்கு முன்னாடி எஞ்சின் பக்க முனையை மட்டும் கழட்டிட்டு லீவரை ஆட்டிப் பாருங்க, அப்பவும் இறுக்கம்னா கோளாறு கேபிள்ல, இல்லன்னா லீவர் இருக்கற கண்ட்ரோல் பாக்ஸ்ல, லேசா வந்தா கோளாறு எஞ்சின் பக்கம். எனக்கு கேபிள்தான், உறைக்குள்ள தண்ணி இறங்கி உள்கம்பி துருவேறி இருந்துச்சு, அதுக்கு கிரீஸ் அடிச்சு பிரயோஜனம் இல்ல, மாத்தறதுதான் வழி. நீளம் பழைய கேபிள் உறை மேலேயே அச்சடிச்சிருக்கும், ஆனா அதை நம்பாம கேபிள் போற பாதையை அளந்து பார்த்து வாங்கினேன், ஏன்னா பழசு நீளம் கூடிப் போய் மூலையில ஒடுக்கமா சுருட்டி வச்சிருந்தாங்க. முனை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி, அதையும் பார்த்துக்கோங்க.

புது கேபிள் ரெண்டும் ஒரு விரல்ல தள்ளினாலே ஓடுது. ஆனா செட்டிங் பத்தி ஒரு தாள்கூட உள்ள வைக்கல, புதுசா பண்றவங்க திண்டாடுவாங்க. லீவர், எஞ்சின் ரெண்டையும் நியூட்ரல்ல வச்சிட்டு, கேபிள் முனையை எஞ்சின்ல அது மாட்டுற பின் (pin) மேல வச்சா அழுத்தாமலே உட்கார்ற வரைக்கும் திருகணும், அதே சமயம் முனைக்குள்ள போதுமான மரை ஏறியிருக்கணும். அப்புறம் எஞ்சினை அணைச்சிட்டு நியூட்ரல்ல புரொப்பெல்லர் கையால சுத்துதான்னு பார்த்தேன், ஈசியா சுத்துச்சு.

இப்போ ஃபுல் த்ராட்டில்ல எவ்வளவு நேரம் போனாலும் பல்பைத் தொடவே வேண்டியதில்ல. கேபிளுக்கு 5க்கு 4, கிட்டுக்கு கிளாம்ப் இருக்கற லட்சணத்துக்கு 3½ தான்.