பத்திரமும் படமும்: நேப்ஸ்2 மென்பொருளோடு ஐந்து ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, காரைக்குடி வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அதில் கிடந்த தாள்களைப் பிரதியெடுத்து வைக்கலாம் என்று ஏ4 அளவுள்ள சாதாரணத் தட்டு ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். கிரயப் பத்திரங்கள், வீட்டு வரி ரசீதுகள், தாத்தாவின் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மூன்று தலைமுறைப் புகைப்படங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்த பெட்டி அது. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஐந்து ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஸ்கேனர் இன்றும் அதேதான். அதை இயக்கும் மென்பொருள்தான் இடையில் வெகுவாக மாறியிருக்கிறது என்பதால், கருவியை விட்டுவிட்டு மென்பொருளைப் பற்றியே எழுதுகிறேன்.

கருவியோடு வந்த மென்பொருளை முதல் மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன். ஒவ்வொரு தாளுக்கும் முன்னோட்டம் பார்த்து, பரப்பைக் குறித்து, கோப்புக்குப் பெயர் கொடுத்து, சேமிக்கும் இடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நாற்பது பக்கப் பத்திரம் ஒன்றில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மின்சாரம் போனபோது, அதுவரை எடுத்த முப்பதும் போயின. அன்று இரவு தேடிக் கண்டதுதான் நேப்ஸ்2. ‘இன்னுமொரு பிடிஎஃப் ஸ்கேனர் அல்ல’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். பென் ஓல்டன்கூலிகன் என்பவர் உருவாக்கிப் பராமரித்துவரும் இலவசத் திறமூல மென்பொருள் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) இது. இடையில் நின்றுபோனால், அடுத்த முறை திறக்கும்போது, எடுத்த பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்காகவே அன்று அதற்கு மாறினேன்.

அன்றாடத்தில் அதிகம் உதவுவது அதன் ‘புரொஃபைல்’ வசதி. பத்திரத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) வண்ணம், ரசீதுக்குச் சாம்பல் நிறம், புகைப்படத்துக்கு 600 டிபிஐ என்று ஒருமுறை அமைத்துவிட்டால், பிறகு ஒரே சொடுக்கில் வேலை நடக்கும். கோப்புப் பெயரில் தேதியையும் வரிசை எண்ணையும் அதுவே இட்டுக்கொள்ளும். கோணலாக வைத்த தாளை நேராக்கும் வசதியையும் புரொஃபைலிலேயே சேர்த்துவிடலாம். இவையெல்லாம் நான் சேர்ந்தபோதே இருந்தவை.

பெரிய மாற்றம் 2023இல் 7ஆம் வரிசைப் பதிப்புகளோடு வந்தது. அதுவரை விண்டோஸுக்கென்றே அறியப்பட்ட மென்பொருள் மேக், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கத் தொடங்கியது. அதே வரிசையில், டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறுமென்பொருள்) எதையும் நிறுவாமல் வலையமைப்பின் வழியே ஸ்கேனரோடு பேசுகிற ‘இஎஸ்சிஎல்’ என்னும் நெறிமுறைக்கும் ஆதரவு வந்தது. இதன் பயனை நான் உணர்ந்தது ‘ஸ்கேனர் பகிர்வு’ வசதியில்தான். என்னுடையது யூஎஸ்பி கம்பியில் தொங்கும் கருவி. வைஃபை என்பது அதற்குத் தெரியாது. அது செருகப்பட்டிருக்கும் பழைய கணினியில் நேப்ஸ்2 இயங்கிக்கொண்டிருந்தால் போதும். அதே வலையமைப்பில் உள்ள மனைவியின் மேக் கணினிக்கு அது வலையமைப்பு ஸ்கேனராகவே தெரிகிறது. முன்பெல்லாம் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, வாட்ஸப்பில் எப்போது வரும் என்று காத்திருந்தவர், இப்போது தாளை வைத்து மூடிவிட்டுத் தம் மேசைக்குப் போய்விடுகிறார்.

நம் ஊர்ப் பத்திரங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. முத்திரைத்தாள் ஏ4 அளவில் அடங்காது. ஏ4 தட்டின் நீளம் 297 மில்லிமீட்டர். முத்திரைத்தாளோ அதற்கு மேல் இரண்டு அங்குலமாவது நீண்டு நிற்கும். தொடக்கத்தில் மேற்பாதியை ஒருமுறையும் கீழ்ப்பாதியை ஒருமுறையும் எடுத்து, இரண்டு தனிப் பக்கங்களாகவே வைத்தேன். பத்திரத்தைப் படிக்கிறவருக்கு ஒரே வரி இருமுறை வரும். பிறகு 7ஆம் வரிசையில் இரு படங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி வந்தது. பொருந்தும் இடத்தை அது தானாகக் கண்டுபிடிப்பதில்லை. மேலும் கீழுமாக அடுக்குகிறது, அவ்வளவுதான். அதனால் கீழ்ப்பாதியில் திரும்ப வரும் வரிகளை முதலில் வெட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகிறது. ஆனாலும் பதிவாளர் முத்திரையும் சாட்சிக் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள் என்பதை இந்த ஐந்தாண்டுகளில் நான் கற்ற பாடம் என்றே சொல்வேன். ஆசை காட்டும் கணக்கு அது. 300 டிபிஐயில் ஏ4 பக்கம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் வண்ணத்தில் ஏறத்தாழ 26 மெகாபைட். சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். முதல் ஆண்டில் ரசீதுகளையெல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினேன். மங்கிய தட்டச்சு எழுத்தில் முதலில் காணாமற்போவது புள்ளிதான். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கரைந்தால் தமிழில் சொல்லே மாறிவிடும். ஊதா மையில் குத்திய ரப்பர் முத்திரைகளோ முழுதும் வெளுத்துப்போயின அல்லது கரும்பட்டையாகி அடியிலிருந்த எழுத்தை மூடின. அவ்வளவு ரசீதுகளையும் மறுபடி எடுத்தேன்.

கோப்பைச் சுருக்குவதிலும் விபரீதம் உண்டு என்பதை 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் உலகுக்குக் காட்டினார். செராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரம் ஒன்றில் கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்று ஒரே எண் வந்தது. ‘ஜேபிக் 2’ என்ற சுருக்கமுறை, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துருவங்களை ஒன்றெனக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்திருந்தது. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலான நகலை யாரும் நம்பமாட்டார்கள். பளிச்சென்று தவறாக இருக்கும் நகலை எல்லோரும் நம்புவார்கள். சர்வே எண்ணும் நான்குமால் (நாற்புற எல்லை) அளவும் உள்ள தாளில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்த பிறகு, கோப்பு பெரிதாக இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கைப்பேசிச் செயலிகள் பக்கமும் போய்வந்தேன். விளிம்பைக் கண்டறிவதிலும் நிழலை அகற்றுவதிலும் அவை சில ஆண்டுகளில் அடைந்துள்ள முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. வங்கியில் நின்றுகொண்டே ஒரு படிவத்தை அனுப்ப அவையே போதும். ஆனால் நான் பயன்படுத்திய ஒன்றில், பக்கத்தைத் தூய்மை செய்யும் புதிய வசதி ஒரு புதுப்பிப்புக்குப் பின் தானாகவே இயங்கும் நிலையில் இருந்தது. 1962ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் பாட்டி வைத்த இடது பெருவிரல் ரேகையை அது கறையென்று எண்ணித் துடைத்துவிட்டது. அந்த இடம் தாளின் பழுப்பு நிறத்திலேயே நேர்த்தியாக நிரப்பப்பட்டிருந்ததால், அசலோடு ஒப்பிடும்வரை எனக்கே தெரியவில்லை. நேப்ஸ்2இலும் பின்னணியை வெளுப்பாக்கும் திருத்தங்கள் உண்டு. ஆனால் நாம் கேட்டால்தான் அவை நடக்கும். பிடிக்காவிட்டால் ‘ரீசெட்’ அழுத்தி எடுத்தபடியே திரும்பப் பெறலாம். மேம்பாடு என்று வரும் எதையும் இப்போது இந்த அளவுகோலைக் கொண்டுதான் மதிப்பிடுகிறேன்.

இனி எழுத்துணரிக்கு, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்தறியும் வசதிக்கு, வருகிறேன். நேப்ஸ்2 இதற்கு டெஸராக்ட் என்னும் பொறியைப் பயன்படுத்துகிறது. 1980களில் ஹியூலட்-பேக்கர்டில் பிறந்து, 2005இல் திறமூலமாகி, பின்னர் கூகிளின் ஆதரவில் வளர்ந்த பொறி அது. 2018இல் வந்த அதன் 4ஆம் பதிப்பு, எழுத்தெழுத்தாக உருவம் பார்ப்பதை விட்டு, நரம்பியல் வலையமைப்பால் வரி முழுவதையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கியது. தமிழுக்கு அதுதான் திருப்புமுனை என்பது என் எண்ணம். கொம்பும் காலும் முன்னும் பின்னும் நிற்கும் எழுத்தை வரியோடு சேர்த்துப் படிப்பதே பொருத்தம். நேப்ஸ்2இல் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேரத் தேர்ந்துகொள்ளலாம். படம் மாறுவதில்லை, அதன் அடியில் தேடத்தக்க எழுத்துப் படலம் ஒன்று சேர்கிறது. பழைய பிடிஎஃப்களை உள்ளே கொண்டுவந்து அவற்றுக்கும் இதைச் செய்யலாம்.

அண்மைக்கால அச்சை, 300 டிபிஐயில் தெளிவாக எடுத்திருந்தால், வியக்கும்படி படிக்கிறது. பழையவற்றில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும் முன், ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் வேறு. யானைத் துதிக்கைபோல் வளைந்த ஐகாரத்தோடு அச்சான 1971ஆம் ஆண்டுக் கல்யாணப் பத்திரிகையில், ‘மாலை’ ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றாவது, தனித்து நிற்கும் ககரம் தமிழ் எண்ணாகிய ௧ ஆவது ஆகியவை இன்றும் நடக்கின்றன. கணக்குத் தாள்களில் இந்தத் தமிழ் எண்கள் உண்மையாகவே வருவதால் குழப்பம் இரட்டிப்பு. கையெழுத்துக் கடிதங்களை முயலவே வேண்டாம். இன்னொன்று: ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சில பிடிஎஃப் படிப்பான்கள் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டுவதில்லை. ‘கொட்டகை’ என்று தேடி, கண்ணெதிரே இருந்த கொட்டகையைக் காணாமல் ஒரு மாலை முழுதும் அலைந்திருக்கிறேன்.

இவ்வளவு குறை சொன்னாலும், போன ஆண்டு சித்தப்பா தொலைபேசியில், “அந்த 62ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்துல சர்வே நம்பர் என்னன்னு பாரப்பா” என்று கேட்டபோது, ‘சர்வே’ என்று தேடி ஒரு நிமிடத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எண்ணை மட்டும் எழுத்துப் படலத்திலிருந்து எடுக்காமல், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே சொன்னேன்.

புகைப்படங்களுக்கு நேப்ஸ்2 ஒன்றே போதாது. அச்சிட்ட படங்களை அதில் 600 டிபிஐயில் எடுத்து, ‘டிஃப்’ கோப்பாகச் சேமிக்கிறேன். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகள் ஆகிறது. இதைவிடக் கூட்டினால் தாளின் நார்தான் தெரிகிறது, முகம் தெளிவாவதில்லை. நெகட்டிவ்களுக்கு நண்பரிடமிருந்து பழைய ஃபிலிம் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கினேன். அதன் தயாரிப்பாளர் புதிய விண்டோஸுக்கு டிரைவர் தருவதை நிறுத்தி நெடுநாள் ஆகியிருந்தது. வியூஸ்கேன் அதை உயிர்ப்பித்தது. எட் ஹேம்ரிக் 1998இல் தொடங்கிய இந்த மென்பொருள், கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான கருவிகளுக்குத் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டிருக்கிறது. இது இலவசமல்ல, ஆனால் புதிய ஃபிலிம் ஸ்கேனரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. நிறம் வெளிறிய வண்ணப் படங்களை மீட்டெடுக்கும் அதன் தேர்வு, சிவப்பேறிக் கிடந்த 1980களின் படங்களில் புடவைகளுக்கு நிறத்தைத் திருப்பித் தந்தது. அகச்சிவப்புக் கதிரால் தூசியை அகற்றும் வசதி வண்ண நெகட்டிவ்களில் நன்றாக வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் அதை அணைத்துவிட வேண்டும். அவற்றிலுள்ள வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால், படத்தையே தூசியென்று நினைத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்றையும் ஒருமுறை முயன்றேன். அத்தை உடுத்தியிருந்த கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள் மங்கியிருந்தன. செயலி அந்த இடத்தில் அழகான பூவேலைப்பாடு ஒன்றை நெய்து கொடுத்தது. வீட்டில் எல்லோரும் ரசித்தார்கள். அந்தப் படத்தைப் பகிரும் குழுவில் வைத்திருக்கிறேன், சேமிப்பில் வைக்கவில்லை.

படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய ஆண்டு, ‘பினாங்கு போகுமுன்’ போன்ற குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முன்புறத்தின் கோப்புப் பெயரோடு ‘பின்’ என்று சேர்த்து அடுத்தடுத்து வைப்பதால் இரண்டும் பிரிவதில்லை.

இவ்வளவும் யாருக்கு வேண்டும் என்றால், மாதத்துக்கு இரண்டு படிவம் அனுப்புகிறவர்களுக்குக் கைப்பேசியே போதும் என்பேன். பெட்டியளவு தாள் உள்ளவர்கள் நேப்ஸ்2இல் தொடங்கலாம். நெகட்டிவ் இருந்தால் மட்டும் வியூஸ்கேனுக்குச் செலவழிக்கலாம். வாங்கும் முன், உங்கள் கருவி அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, நீர்க்குறியோடு வரும் சோதனைப் பதிப்பில் ஓரிரு படங்களை எடுத்துப் பாருங்கள். என் பரணில் இன்னும் மிச்சமிருப்பவை கொள்ளுத்தாத்தாவின் கணக்குப் பேரேடுகள். நீளவாக்கில் கட்டியவை, முத்திரைத்தாளைவிட நீளம், உள்ளே முழுதும் தமிழ் எண்கள். சென்ற வாரம் முதல் பேரேட்டில் பதினான்கு பக்கங்களை மேற்பாதி, கீழ்ப்பாதி என்று எடுத்து, வெட்டிச் சேர்த்தேன்.